மண்வெட்டிப் பிடியில் ஒரு பேனா

நஸ்லியாவின் இடக்கைக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைத் தன் பக்கம் இழுத்தாலும் ஒரு தடவையோடு அது நிற்பதில்லை. வெளியே போகும்போது வாசல் கதவை இழுத்துச் சாத்தினால், சாத்திய கதவை இன்னொரு தரம் இழுக்கும். முக்காட்டைச் சரிசெய்தால், சரியாய் இருக்கிற முக்காட்டுக்கு மறுபடியும் ஒரு இழுப்பு. "அந்தக் கைக்குக் காது கேக்காது போல. எல்லாத்தையும் ரெண்டு தரம் செல்லணும்" என்பான் கணவன் றிம்சான்.

அது தறி கொடுத்த பழக்கம். மருதமுனையில் கைத்தறியில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும். வலக்கை கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டும். நாடா ஊடை நூலை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கொண்டுபோகும். உடனே இடக்கை அச்சுப் பலகையை நெஞ்சுப் பக்கம் இழுத்து, அந்த நூலை நெய்த துணியோடு சேர்த்து அடிக்கும். முதல் அடி நூலை இடத்துக்குக் கொண்டுவரும். இரண்டாவது அடிதான் அதை அங்கே இருக்கவைக்கும். இரண்டாவது அடி விழாத கைலிச் சாரனை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தால், அந்தப் பக்கம் போகிறவர் யாரென்று தெரியும். நஸ்லியா குமர்ப்பிள்ளையாய்த் தறியில் ஏறியவள். இன்றும் காலை முழுக்க அவளுக்குத் தறிதான். டக், டக். டக், டக்.

பேனாவுக்கு ஒரு அடிதான்.

பேனா வேலையை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கட்டாரிலிருந்து வந்த மச்சான் ஒருவர் மரப்பேனா ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். அது ஒரு மாதத்தில் இறுகிப்போனது. எறிய மனமில்லாமல் நஸ்லியா அதைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஒரு பித்தளைக் குழாய். குழாய்க்கு மேலே போர்வை மாதிரி மரம். ஒரு முனையில் எழுதும் முனை எட்டிப்பார்க்கிற உலோக மூக்கு, மறுமுனையில் முறுக்கினால் மையை வெளியே தள்ளுகிற சின்ன யந்திரம். அவ்வளவுதான். வீட்டுக்குப் பின்னால் றிம்சானின் பட்டறை. கதவு, ஜன்னல், தறிச் சாமான் எல்லாம் அங்கே செய்வான். லேத்தில் கடைந்து மிஞ்சிய கட்டைகள் அடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தன. அடுப்புக்குப் போன கட்டைகளை இவள் மறித்தாள்.

கடைவது பெரிய வேலையில்லை, கடைந்ததைப் பூட்டுவதுதான் வேலை என்று அவள் பல கட்டைகளைப் பிளந்த பிறகு கண்டுகொண்டாள். குழாய்க்குள் காய்ந்த பசை ஒரு பொட்டு இருந்தாலும் மூக்கு நேராய் இறங்காது. சரிந்து இறங்கி மரத்தைப் பிளக்கும். ஆகவே முதலில் குழாயின் உள்வாயைச் சுரண்டிச் சுத்தமாக்க வேண்டும். பிறகு மரத்தின் இரண்டு முனையும் குழாயோடு சமமாய் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். சுத்தியலைக் கையில் எடுக்கவே கூடாது. சுத்தியல் பூட்டுகிற சாமான் இல்லை, கழற்றுகிற சாமான். றிம்சான் அவளுக்கென்று ஒரு அமுக்கி செய்து கொடுத்தான். ஒரு பலகை, ஒரு பக்கம் அசையாத கட்டை, மறுபக்கம் நகரும் கட்டை, அதை நகர்த்த நீளமான ஒரு நெம்பு. கட்டைகளின் முகத்தில் சாரன் துண்டு ஒட்டியிருந்தது, பளபளப்பில் கீறல் விழாமலிருக்க. வலக்கையால் பேனாவை நேராய்ப் பிடித்துக்கொண்டு, இடக்கையால் நெம்பை நெஞ்சுப் பக்கம் இழுக்க வேண்டும்.

இடக்கையால், நெஞ்சுப் பக்கம். அதில் என்ன இருக்கிறதென்று இரண்டு பேருக்கும் அப்போது யோசனை ஓடவில்லை. மூக்கு சரியாய் இறங்கி உட்காரும். உட்கார்ந்த பிறகு கை இன்னொரு தரம் இழுக்கும். மரம் 'டிக்' என்னும். அப்படிப் போன பேனாக்கள் ஒரு பனங்கூடை நிறையக் கிடந்தன. பிறகு அவள் ஒரு வழி வைத்துக்கொண்டாள். தறியிலிருந்து எழும்பினால் நேரே அமுக்கிக்குப் போவதில்லை. சமைப்பாள், பகல் லுகர் தொழுவாள், உடுப்புக் கழுவுவாள். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு, கை தறியை மறந்த பிறகுதான் பேனாவைத் தொடுவாள்.

இந்த வருசம் கச்சான் காற்று பலமாய் எழும்பிய நாட்களில், சொறிக்கல்முனையிலிருந்து ஒரு ஆட்டோ வந்து வாசலில் நின்றது. முன்னால் இறங்கியவள் யசோதினி. கல்முனை பஸாரில் ஒரு கடையில் நஸ்லியாவின் பேனாவைப் பார்த்து, கடைக்காரரிடம் முகவரி கேட்டு வந்திருந்தாள். அவள் கை கொடுக்கப் போக, "விடு புள்ள, இறங்கத் தெரியும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவளுடைய அப்பா அழகரெத்தினம். வயல்காரர். வலப்பக்கம் கொஞ்சம் இழுத்திருந்தது. மடியில் ஒரு உரப்பை.

"பேனா செய்ற ஆள் எங்க?"

"நான்தான் அண்ணன். உள்ளுக்கு வாங்க, இருங்க."

"பொம்புளையெண்டு இவ செல்லல்லியே."

"ஆம்புளை செஞ்சா பேனா கூட எழுதுமா அண்ணன்?"

அழகரெத்தினத்தின் முகத்தில் ஒரு பாதி சிரித்தது. மறுபாதி சும்மா இருந்தது.

விசயத்தை யசோதினிதான் சொன்னாள். போன மாரியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. நடை ஓரளவு திரும்பிவிட்டது, வலக்கை முழுதாய்த் திரும்பவில்லை. ஆவணியில் அவளுக்குக் கல்யாண எழுத்து, பதிவாளருக்கு முன்னால். சாட்சிக்கு அப்பாதான் கையெழுத்து வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கடைப் பேனா அவருடைய விரல்களுக்குள் நிற்பதில்லை, வழுக்கி விழுகிறது. மாப்பிள்ளையின் பெரியப்பா, "பெருவிரல் வச்சாப் போதுமே, அதுவும் சட்டப்படி சரிதான்" என்று சொல்லியிருக்கிறார்.

"சட்டத்துக்குச் சரி. எனக்குச் சரியில்ல" என்றார் அழகரெத்தினம். "நான் பெருவிரல் வச்ச ஆள்தான் மகள். இவ ஒண்டாம் வகுப்புப் படிக்கக்குள்ள பக்கத்தில இருந்து, இவ எழுதுறதப் பாத்துப் பாத்துத்தான் என்ட பேரை எழுதப் பழகின. எனக்கு டீச்சர் இவதான். டீச்சரிட கல்யாணத்தில பெருவிரல் வைக்கச் செல்றாங்க."

"அதோட கீழ ஒரு கோடும், ரெண்டு புள்ளியும்" என்றாள் யசோதினி சிரித்துக்கொண்டு. "எங்கட பிரின்சிபல் அப்புடித்தான் கையெழுத்து வைப்பார். எல்லாக் கையெழுத்துக்கும் கோடும் ரெண்டு புள்ளியும் வேணுமெண்டு நான் அப்பாவுக்குச் செல்லிக் குடுத்துட்டன். ஆறு வயசுதானே எனக்கு."

"புள்ளி வைக்காட்டி அது என்ட கையெழுத்தில்ல."

உரப்பைக்குள்ளிருந்து அவர் எடுத்தது உடைந்த மண்வெட்டிப் பிடி. வீரை மரம். பிடித்துப் பிடித்துப் பழுப்பேறி, எண்ணெய் பூசியது போல் மினுங்கியது. பக்கவாத வருத்தம் வந்த பிறகும் இந்தப் பிடியை மட்டும் அவருடைய வலக்கை விடாமல் பிடிக்குமாம். மூன்று விரலும் தானாய்ச் சுற்றிக்கொள்ளுமாம். அந்தத் தைரியத்தில் ஒருநாள் வாய்க்காலில் இறங்கிக் கொத்தப் போய், அவரும் விழுந்து பிடியும் உடைந்தது.

"என்ட கைக்கு இந்த மரத்தத் தெரியும். இதுக்குள்ள ஒரு பேனா இரிக்குமா மகள்?"

நஸ்லியா பிடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விழுந்த அடியில் வெடிப்பு நெடுக ஓடியிருந்தது. நல்ல மரம் ஒரு சாண் அளவுதான் மிஞ்சும். ஒரு பேனாவுக்குப் போதும். பிழை வந்தால் இன்னொன்றுக்கும் போதும். அதற்கு மேல் இல்லை.

"இரிக்கி அண்ணன். ஆனா உங்கட கையை எனக்குக் காட்டணும்."

குசினிக்குள் போய், ரொட்டிக்குக் குழைத்து வைத்த மாவில் ஒரு உருண்டை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள். "பேனா பிடிக்கிற மாதிரி அமத்துங்க. பலமா இல்ல, எழுதுற மாதிரி." அழகரெத்தினம் அமத்தினார். விரல்களை ஒவ்வொன்றாய் விலக்கி எடுத்தபோது மாவில் அந்தக் கை அப்படியே இருந்தது: பெருவிரல் குழி, சுட்டுவிரல் குழி, நடுவிரல் தாங்கிய பள்ளம். எந்த இடத்தில் பேனாவுக்கு வயிறு வேண்டும், எந்த இடத்தில் ஒடுங்க வேண்டும் என்பதை இனி யாரும் சொல்லத் தேவையில்லை. அவள் இரு கால் விரிகிற கவைக்கோலால் தடிப்பை அளந்துகொண்டாள். அன்று பின்னேரம் வரை அந்த மா காய்ந்து கல்லாகும்படி ஜன்னலில் இருந்தது. இராச் சாப்பாட்டுக்கு ரொட்டி ஒன்று குறைந்ததை றிம்சான் கண்டுபிடித்தான்.

"பேனாவுக்கு நான் பட்டினியா?"

"சொறிக்கல்முனை அண்ணன்ட கை அது. வேணுமெண்டாத் தின்னுங்க."

கச்சான் நாட்களில் மரத்தை நம்பக்கூடாது. மேற்கிலிருந்து வயலைத் தாண்டி வரும் அந்தக் காற்று எல்லாவற்றிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சிவிடும். மரம் சுருங்கும், பித்தளை சுருங்காது. மெல்லிய மரம் பித்தளைக்கு மேல் இறுகிக்கொண்டு, தொட்டால் பிளப்பதற்குக் காத்திருக்கும். நஸ்லியா கட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கடைந்தாள். இடையிடையே துணியில் சுற்றி அரிசி வாளிக்குள் வைத்தாள். நடுவில் வயிறு வைத்து, மூக்கு பொருந்தும் முனையில் ஒடுக்கினாள். அந்த முனையில் மரம் நகத்தளவு தடிப்புத்தான். பிடியின் பழுப்பு போய் உள்ளிருந்து மஞ்சளாய் மரம் வந்தது. சீலையால் மெழுகு தேய்த்ததும் பழைய மினுக்கம் திரும்பி வந்தது.

பூட்ட வேண்டிய நாளன்று காலையில் தறியில் அவசர வேலை. பெருநாள் கடைக்குப் போக வேண்டிய சாரன், தடித்த கரை, வழமையை விட இறுக்கி அடிக்க வேண்டிய நெசவு. லுகர் பாங்கு சொன்ன நேரம் யசோதினி போன் எடுத்தாள்.

"அக்கா, அப்பா கேட்டுக்கேட்டு இரிக்கார். எழுதிப் பழக நாள் வேணுமாம். இண்டைக்கு வந்து எடுக்கலாமா?"

"ஓம், வாங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு, தொழுது முடித்த கையோடு நேரே பட்டறைக்குப் போனாள். சமையல் ஆகவில்லை. உடுப்பு வாளிக்குள் கிடந்தது. குழாய்க்குள் சுரண்டிப் பார்த்தாள், சுத்தம். முனையைத் தடவிப் பார்த்தாள், சமம். பிஸ்மி சொல்லி நெம்பை இழுத்தாள். மூக்கு நேராய் இறங்கி, மரத்தோடு பொருந்தி, ஒரு மயிர் போக இடமில்லாமல் உட்கார்ந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாயெடுத்தாள்.

கை இன்னொரு தரம் இழுத்தது.

டிக்.

அவள் பேனாவை எடுத்து ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். மூக்கின் ஓரத்திலிருந்து ஒரு கோடு, தலைமயிர் போல, வயிற்றை நோக்கிக் கொஞ்சத் தூரம் ஏறியிருந்தது.

றிம்சான் வந்து பார்த்தான். "இது ஒண்டுமில்லயே. மரத்தூளையும் பசையையும் வச்சுத் தேய்ச்சா உம்மாவுக்கும் தெரியாது."

"தெரியாதுதான்."

"அப்ப மறுகா என்ன?"

"அந்த மனிசன் இத எழுதுறதுக்கா பிடிக்கப் போறார்? மண்வெட்டி பிடிக்கிற மாதிரிப் பிடிப்பார். கச்சானுக்கு இது இன்னும் விரியும். நாலு பேருக்கு முன்னால, பேர் பாதியில இரிக்கக்குள்ள, கைக்குள்ள வெடிச்சா? பிறகு பெருவிரல்தான்."

றிம்சான் பேனாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தான். வைக்கும்போது மெதுவாய் வைத்தான்.

அவள் யசோதினிக்குப் போன் எடுத்து, தன் கை இரண்டாந்தரம் இழுத்துப் பேனா வெடித்துவிட்டதென்று இருந்ததை இருந்தபடி சொன்னாள். அந்தப் பக்கம் போன் கைமாறியது. பிறகு அழகரெத்தினத்தின் குரல்.

"ரெண்டாந்தரம் இழுத்துட்டீங்களா மகள்?"

"ஓம் அண்ணன். தறிப் பழக்கம்."

"எனக்கும் அந்தப் பழக்கம் இரிந்திச்சி. மண்வெட்டியும் அப்புடித்தான், ஒரு கொத்துக்கு மண் வராது. இப்ப ஒரு கொத்துக்கே கை வருகுதில்ல." சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுக் கேட்டார், "மரம் மிச்சம் இரிக்கா?"

"ஒண்டுக்கு இரிக்கி."

மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, சுத்தியலால் பூப்போலத் தட்டி மூக்கைக் கழற்றினாள். பித்தளைக்கும் மூக்குக்கும் ஒரு சேதமும் இல்லை. கடைசிக் கட்டையைத் துளைத்தாள், குழாயைப் பசை போட்டு இறக்கினாள், கடைந்தாள். எல்லாம் சரியாய் வந்தது. பூட்டுகிற இடத்தில் வந்து நின்றுவிட்டாள்.

ஒவ்வொரு நாளும் அசருக்குப் பிறகு அமுக்கிக்கு முன்னால் உட்காருவாள். வேறு கட்டையில் பழக்கிப் பார்ப்பாள். முன்பெல்லாம் அசருக்குப் பிறகு அடங்கியிருக்கும் கை இப்போது பயத்திலேயே இரண்டாவது தரம் இழுத்தது. இழுக்கக்கூடாது என்று நினைக்க நினைக்க இழுத்தது. கை மாற்றி, வலக்கையால் நெம்பை இழுத்துப் பார்த்தாள். இடக்கைக்குப் பேனாவை நேராய்ப் பிடிக்கத் தெரியவில்லை, மூக்கு சரிந்து போனது. றிம்சானிடம் கொடுத்தாள். கதவு நிலை அடித்துப் பழகிய அந்தக் கை ஒரே இழுப்பில் கட்டையை இரண்டாக்கியது.

"என்ட கை மறுகா கதைக்காது" என்றான் றிம்சான், துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு. "ஒரே தரத்தில செல்லி முடிச்சிரும்."

எழுத்துக்கு நாள் நெருங்கியது. போனில் யசோதினி தன் குரலில் அவசரம் தெரியாதபடி கதைத்தாள். அதுவே நஸ்லியாவுக்கு அவசரமாய்க் கேட்டது. அன்று தறியில் இருக்கும்போது அவள் தன் இடக்கையைப் பார்த்துக்கொண்டே நெய்தாள். டக், டக். இதுக்குத் தெரிந்தது இது. இதைக் குற்றம் சொல்லி என்ன? அப்போதுதான் வேறொரு கை ஞாபகம் வந்தது. மாவை மெதுவாய், மிக மெதுவாய் அமத்திய கை. அமத்திய பிறகு, அடுத்ததற்குப் போகத் தெரியாமல் அப்படியே நின்ற கை. விரல்களை அவள்தான் ஒவ்வொன்றாய் விலக்க வேண்டியிருந்தது.

மறுநாள் ஆட்டோ வந்தது.

"நானா இழுக்க?" அழகரெத்தினம் மகளைப் பார்த்தார், றிம்சானைப் பார்த்தார். "இஞ்ச நல்ல கை இத்தின இரிக்கக்குள்ள, பழுதான கையையா மகள் கேக்கிறீங்க?"

"நல்ல கையெல்லாம் உடைச்சுப் போட்டுதண்ணன். இந்தா கூடையப் பாருங்க."

அவர் கூடையைப் பார்த்தார். "என்ட கையால உடைஞ்சா?"

"உங்கட மரம், உங்கட கை. ஆரையும் ஏச ஏலாது."

நஸ்லியா பலகைக்கு ஒரு பக்கம் இருந்து இரண்டு கையாலும் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். நெம்பு நீளமானது, பலம் தேவையில்லை. அவருடைய வலக்கை நெம்பைச் சுற்றியது. மண்வெட்டிப் பிடியைப் போலவே சுற்றியது.

"மெல்ல வாங்க."

"இதுக்குக் கெதியா வரத் தெரியாது, மகள்."

நெம்பு அசைவது கண்ணுக்குத் தெரியவில்லை. கை நடுங்கியது, ஆனால் நடுக்கம் நீளமான நெம்பிலேயே தேய்ந்துபோய் மூக்குக்கு வந்து சேரவில்லை. வெளியே கச்சான் தகரத்தை ஆட்டியது. மூக்கு ஊர்ந்து ஊர்ந்து உள்ளே போனது. மரத்தைத் தொட்டது.

"நில்லுங்க."

நின்றது. இன்னொரு தரம் இழுக்க அந்தக் கையிடம் ஒன்றும் மிச்சமில்லை. நஸ்லியா எழும்பி வந்து, நெம்பிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாய் விலக்கினாள். பேனாவை ஜன்னலில் பிடித்துச் சுற்றிப் பார்த்தாள். கோடு இல்லை. மறுமுனையில் முறுக்கும் யந்திரத்தையும் அப்படியே, மைக்குச்சியைப் போட்டுப் போட்டுப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாய் இறக்கினார்கள். கூட இறங்கினால் எழுதும் முனை உள்ளே ஒளியாமல் நீட்டிக்கொண்டே இருக்கும், திருப்பி எடுக்கவும் ஏலாது. சரியான இடத்தில் அவள் "போதும்" என்றபோது, அழகரெத்தினத்தின் நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகியது.

"வாய்க்கால் வெட்டினதுக்கும் இப்புடிக் களைக்கல்ல" என்றார்.

ஆவணியில் எழுத்து சொறிக்கல்முனையில், வீட்டு முற்றத்துப் பந்தலில் நடந்தது. நஸ்லியாவும் றிம்சானும் ஒரு ஓரமாய் இருந்தார்கள். மாப்பிள்ளை எழுதினார், யசோதினி எழுதினாள். பதிவாளர் புத்தகத்தை அழகரெத்தினத்தின் பக்கம் திருப்பி, மைப் பெட்டியையும் கைக்கெட்டும் தூரத்தில் நகர்த்தி வைத்தார். நல்ல எண்ணத்தில்தான் வைத்தார். அழகரெத்தினம் அதை இடக்கையால் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு, சேர்ட் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

எழுத நேரம் எடுத்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு தரம் செருமினார். மடக்கிய குடையை மாற்றிப் பிடித்தார். எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஏறின, கீழே இறங்கின, ஒன்றோடொன்று முட்டின. யசோதினி அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டு, உதட்டுக்குள் ஒவ்வொரு எழுத்தாய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாரும் எழுத்தைப் பார்த்தார்கள். நஸ்லியா மட்டும் பேனாவின் மூக்கோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்தின் மஞ்சள் நிறத்துக்குள் அவர் விரல்கள் புதைந்து வெளுத்திருந்தன. அவ்வளவு இறுக்கம்.

பேர் முடிந்தது. கீழே ஒரு கோடு வந்தது, வாய்க்கால் வரப்பைப் போல வளைந்து. முடிந்ததென்று பதிவாளர் புத்தகத்துக்குக் கை நீட்டினார்.

"பொறுங்க" என்றார் அழகரெத்தினம்.

பேனாவைத் தூக்கி, முழுக் கையையும் தூக்கி, மேசைப் பலகையில் கேட்கும்படி குத்தினார். ஒரு புள்ளி. நஸ்லியாவின் இடக்கை மடியில் தானாய் இறுகியது. அவர் கை மறுபடியும் எழும்பியது.

டக்.

அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். அதற்குப் பிறகு 'டிக்' என்று எந்தச் சத்தமும் வரவில்லை.